ஐந்தருவிக்கு எதுக்குவே காரு?

சாரல் விழ ஆரம்பிச்சா போதும், நம்ம மக்கள் எல்லாரும் குற்றாலப் பதிவு போட ஆரம்பிச்சிருவாங்க. தப்பே இல்ல. நானும் போட்டிருக்கேன். பார்டர் புரோட்டாவுக்கே தனிப் பதிவு போட்ட ஆளு நான் :-)

ஆனா எல்லாப் பதிவுலயும் தவறாம ஒரு வரி இருக்கும். "சொந்த வண்டி இல்லாமப் போனா குற்றாலத்துல ஒண்ணும் பார்க்க முடியாது." போன வாரம் ஒரு நண்பர் இன்னும் ஒரு படி மேல போயி, "பஸ்ஸை நம்பிப் போனா பேரருவியோட திரும்ப வேண்டியதுதான்"னு எழுதியிருந்தார். நண்பர் பேரு வேண்டாம். நல்ல மனுசர், நல்லா எழுதுவார். ஆனா அந்த வரியைப் படிச்சதுல இருந்து எனக்கு ஆபீஸ்ல ஆணி புடுங்கவே கை வரல. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல என்னைப் பத்தி. பொறந்தது தென்காசி. பொழப்பு சென்னை. கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. வருசத்துக்கு ரெண்டு தடவை பொதிகை எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்குவேன். அப்புறம் எல்லாமே டவுன் பஸ்சும் ரெண்டு காலும்தான். இப்படியே இருபது வருசமா இந்தச் சுத்துவட்டாரத்துல நடந்துட்டு இருக்கேன். அதனால சொல்றேன்: கார்ல வாரவங்கதான் குற்றாலத்துல ஒண்ணும் பார்க்கல. பார்க்கிங்ல இருந்து அருவி, அருவியில இருந்து பார்க்கிங். நடுவுல இருக்கிற ஊரு, வயல், குளம், வாய்க்கா எல்லாம் கண்ணாடிக்கு வெளிய ஓடிப் போயிருது.

சந்தேகம்னா என்கூட நடந்து பாருங்க.

தென்காசியில பஸ் ஏறி இலஞ்சியில இறங்கிருங்க. குமாரர் கோயில்ல ஒரு கும்பிடு. அங்கேருந்து குற்றாலம் கூப்பிடு தூரம்தான். ரெண்டு பக்கமும் நெல்லு, நேர் எதிர்ல மலை. மலை உச்சியில மேகம் உக்காந்திருந்தா அருவியில தண்ணி எப்படின்னு இங்கேயே தெரிஞ்சிரும். எங்க ஆச்சி அப்படித்தான் பார்த்துச் சொல்லும். அவளுக்கு எந்த ஆப்பும் கிடையாது.

குற்றாலத்துல இருந்து ஐந்தருவி நாலஞ்சு கிலோமீட்டர். வழியில வெண்ணமடைக் குளம். படகு விடுறாங்களே, அதேதான். கார்ல போறவங்களுக்கு அது 'போட் ஹவுஸ்'. நடந்து போறவனுக்கு அது ஒரு குளம். கொக்கும் நாரையும் இருக்கு, கரையில நின்னா காத்து ஆளைத் தள்ளுது. ஐந்தருவி தாண்டிப் போனா பழத்தோட்டம். மங்குஸ்தானும் ரம்புட்டானும் டுரியனும் நம்ம ஊர்லயே விளையுதுங்கிறதை நான் சின்ன வயசுல தெரிஞ்சுக்கிட்டது அந்தப் பக்கம் நடந்து போனதுலதான்.

வேற திசை வேணுமா? செங்கோட்டையில இறங்கி கண்ணுப்புளிமெட்டு வழியா குண்டாறு அணை. வடகரை தாண்டி மேக்கரை, அதுக்கு மேல அடவிநயினார் அணை. தென்காசி-கடையம் ரோட்டுல போற பஸ்ஸுல உக்காந்தா மத்தளம்பாறை தாண்டினதும் தோரணமலை ஜன்னல்லயே தெரியும். இறங்கி நடந்து, படி ஏறி, மேல முருகனைப் பார்த்துட்டு சாயங்காலத்துக்குள்ள கடையத்துல காப்பி குடிக்கலாம் (பாரதி 1918ல இருந்து ரெண்டு வருசம் குடியிருந்த ஊரு. செல்லம்மா பொறந்த ஊரு). சுந்தரபாண்டியபுரத்துக்கு தென்காசியில இருந்தே பஸ் இருக்கு. சூரியகாந்தி பூக்குற மாசத்துல வரப்புல நடந்து பாருங்க, 'ரோஜா' படத்துல பார்த்ததெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு தோணும்.

இதுல எதுக்கு காரு வேணும்? எல்லா இடத்துக்கும் பஸ் போகுது. மலை அடிவாரம் நெடுக ஊரு இருக்கு, ஊருக்கு ஊரு பஸ் ஸ்டாப் இருக்கு. ஒரு ஸ்டாப்புல இறங்கி அடுத்த ஸ்டாப்புல ஏறுறதுதான் விசயமே. கார்ல போனவன் நிறுத்தின இடத்துக்கே திரும்பி நடக்கணும். பஸ்ஸுல போனவன் திரும்பிப் பார்க்க வேண்டாம், முன்னால போயிட்டே இருக்கலாம்.

திருக்குற்றாலக் குறவஞ்சி எழுதின திரிகூடராசப்பக் கவிராயர் பக்கத்துல மேலகரத்துக்காரர். பதினெட்டாம் நூற்றாண்டு. அதுல வர்ற குறத்தி மலை மலையா, ஊர் ஊரா சுத்துறவ. சிங்கன் அவளைத் தேடி ஊரெல்லாம் அலையுறான். நடையில்லாம அந்தக் கதையே கிடையாது. இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் குடுத்த இலக்கியமே நடந்து திரிஞ்சவங்க கதைதான். நாம என்னடான்னா, "வண்டி இல்லாம வராதீங்க"ன்னு எழுதிட்டு இருக்கோம்.

சரி, "இவ்வளவு பேசுறியே, நண்பர் சொன்னது முழுப் பொய்யா?"ன்னு கேப்பீங்க. இல்ல. இங்கதான் எனக்கு வயித்தெரிச்சலே.

சில வருசத்துக்கு முன்னாடி ஒரு ஆடி மாசம். அம்மாவையும் அக்காவையும் கூட்டிட்டு ஐந்தருவிக்குப் போனேன். அம்மாவுக்கு எழுபது தாண்டியாச்சு. 2021ல பெண்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்லன்னு ஆனதுல இருந்து அம்மாவுக்கு ஊர் சுத்துறதுல தனி சந்தோசம். "என் காசுல போறேன்"னு சொல்லிக்கும், காசே குடுக்காட்டாலும் :-) நல்ல தண்ணி. குளிச்சு, மிளகாய் பஜ்ஜி தின்னு, ஏழு மணிக்கு ஸ்டாப்புக்கு வந்தோம். ஏழரை ஆச்சு. எட்டு ஆச்சு. பஸ்ஸைக் காணோம். கடைசி பஸ் போயிருச்சா, இனிமேதான் வருமான்னு எழுதிவச்ச ஒரு தகரம்கூட அங்க இல்ல. டீக்கடைக்காரர்கிட்ட கேட்டேன்.

"அண்ணாச்சி, தென்காசி பஸ் இருக்கா?"

"சில நாள் வரும். சில நாள் வராது."

இதை விடத் தெளிவா ஒரு கால அட்டவணையை நான் வாழ்க்கையில பார்த்ததில்ல.

ஆட்டோக்காரர் ஒருத்தர் நானூறு கேட்டார். நான் குடுத்துருவோம்னுதான் சொன்னேன். அம்மா ஒரே பிடிவாதம். "நாலு எட்டு வச்சா குற்றாலம், அங்க பஸ் நிக்கும், இதுக்கு நானூறா?" நடக்க ஆரம்பிச்சிட்டா. இருட்டு. சாரல். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வரிசையா நிறுத்தின காரு. நடக்க ஓரம்னு ஒண்ணு இல்லவே இல்ல, நடுரோட்டுலதான் நடக்கணும். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்கிறான், முன்னாடி வர்றவன் கண்ணுல லைட் அடிக்கிறான். ஒரு வேனுக்கு ஒதுங்கப் போயி அம்மா கால் பள்ளத்துல இறங்கிருச்சு. கணுக்கால் பிசகி, அப்படியே ரோட்டோரத்துல உக்காந்துட்டா. அழல. "நாங்க சின்னப் பிள்ளையில வாய்க்காக் கரை வழியால்ல போவோம், இந்த ரோட்டுக்கே வர மாட்டோமே"ன்னு மட்டும் சொன்னா. கடைசியில ஒரு லோடு ஆட்டோக்காரத் தம்பி ஏத்தி விட்டான். காசு வாங்கல.

அதுக்கப்புறம் அம்மா ஐந்தருவிக்கு வரல. கூப்பிட்டா, "நீ போயிட்டு வால, எனக்கு வேண்டாம்"னு ரெண்டு வார்த்தையில முடிச்சிரும். ஊரே அருவிக்கு வருது, இந்த மண்ணுல பொறந்தவளுக்கு வர வழியில்ல.

மறுநாளே அந்த வாய்க்காக் கரையைத் தேடிட்டுப் போனேன். அம்மா சொன்ன அடையாளத்துல கொஞ்ச தூரம் பாதை இருந்துச்சு. நல்ல பாதை. தென்னை நிழல், ஒரு பக்கம் தண்ணி. அப்புறம் திடீர்னு ஒரு காம்பவுண்டு சுவர். ஏதோ ஒரு தங்கும் விடுதியோடது. சுவருக்கு அந்தப் பக்கம் நீச்சல்குளச் சத்தம். வாட்ச்மேன் தாத்தா பாவம், "இங்கன பாதை எல்லாம் கிடையாது சார்"னார். அவர் நின்னுட்டு இருந்ததே அந்தப் பாதை மேலதான்.

இப்ப சொல்லுங்க. பஸ்ஸும் நடையும் குற்றாலத்துக்கு ஒத்து வராதுன்னு நண்பர் எழுதினாரே, ஒத்து வராம ஆக்குனது யாரு?

எதிர்வாதம் என்ன வரும்னு எனக்குத் தெரியும். நானே சொல்லிடறேன்.

"காட்டுக்குள்ள யானை, சிறுத்தை, வெள்ளம். நடக்க விட்டா செத்துப் போவாங்க." உண்மை. 2024 மே 17, பழைய குற்றாலத்துல மேல பெஞ்ச மழை கீழ திடீர்னு வெள்ளமா இறங்கி 17 வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான். 2018 மார்ச்சுல குரங்கணிக் காட்டுத்தீ 20 பேருக்கு மேல பலி வாங்குச்சு. அந்த வருசமே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிமுறை கொண்டுவந்துச்சு. சரியான காரியம். 2024 அக்டோபர்ல வழிகாட்டியோட, ஆன்லைன் முன்பதிவோட 40 மலையேற்றப் பாதைகளை அறிவிச்சாங்க, செண்பகாதேவி அருவிப் பாதையும் அதுல ஒண்ணு. அதையும் நான் குறை சொல்லல. காட்டுக்கு ஒரு கட்டுப்பாடு வேணும். செண்பகாதேவியும் தேனருவியும் கண்டவன் போயி பாட்டில் உடைக்கிற இடம் இல்ல.

ஆனா நான் மேல ஏறணும்னு கேக்கவே இல்லயே! அடிவாரத்துல நடக்கணும்னுதான கேக்கேன். இலஞ்சி வயக்காட்டுல ஏது யானை? வெண்ணமடைக் குளத்துக் கரைக்கு எதுக்கு ஆன்லைன் முன்பதிவு? நடைன்னா மலையேற்றம், மலையேற்றம்னா ஷூ, பை, வழிகாட்டி, கட்டணம். இப்படியே யோசிச்சுப் பழகிட்டோம். ஊருக்கும் ஊருக்கும் நடுவுல சாதாரணமா நடக்குறதுக்கு ஒரு துறை இல்ல, ஒரு பலகை இல்ல, ஏன்னு கேக்க ஆளும் இல்ல.

இன்னொண்ணும் கவனிங்க. பஸ்ஸுல வர்றவனுக்கு அடிவாரத்துலயே வழி இல்லாதப்ப, மலையில என்ன நடந்துச்சு? அருவித் தண்ணியோட போக்கைத் திருப்பி செயற்கை அருவி உண்டாக்கி வியாபாரம் பண்ணின தனியார் விடுதிகள் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2022ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. காசு இருந்தா அருவியே ரூமுக்கு வரும். காசு இல்லாதவனுக்கு அருவிக்குப் போற பாதையே இல்ல.

"வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்களுக்கு கார் வேணுமேப்பா?" வேணும். வரட்டும். ஆனா ஐந்தருவி ஸ்டாப்புல போயி நின்னு பாருங்க. கைக்குழந்தையோட, பாட்டியோட, ஈரத்துணிப் பையோட பஸ்ஸுக்கு நிக்கிறது யாரு? அவங்களுக்குக் கார் இல்ல. வயசானவங்க பேரைச் சொல்லி பார்க்கிங் கேக்கிறோம், வயசானவங்களோ பஸ் ஸ்டாப்புல நிக்கிறாங்க.

"ஆட்டோ, ஜீப் வச்சிருக்கவங்க பொழப்பு?" நியாயமான கேள்வி. குண்டாறு அணைக்கு மேல நெய்யருவிக்கு ஜீப் ஓட்டித்தான் எத்தனையோ குடும்பம் சாப்பிடுது. அந்த ரோட்டுல வேற வண்டி ஏறாது. ஓட்டட்டும். நடக்கத் தெம்பு இல்லாதவங்க அதுல போகட்டும். வேற வழியே இல்லாததால ஏறுறதுக்கும், விரும்பி ஏறுறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல, அதைத்தான் சொல்றேன். நடக்கிறவனுக்குப் பசிக்கும்வே. டீக்கடை, இட்லிக்கடை, பதநீ விக்கிற அக்கா எல்லாத்துக்கும் அவன் நின்னு நின்னு காசு குடுத்துட்டுத்தான் போவான். கார்க்காரன் நிறுத்தறதுக்குள்ள அந்தக் கடை போயிருது.

வேற எங்கயாவது நடக்குதான்னா, நடக்குது. சுவிட்சர்லாந்துல 1979லயே நடைபாதைகளைப் பத்தி அரசியல் சட்டத்துலயே எழுதி வச்சிட்டான். 65,000 கிலோமீட்டர் நடைபாதை, பெரும்பாலும் மஞ்சள் பலகை. பலகையில எத்தனை கிலோமீட்டர்னு இருக்காது, நடக்க எவ்வளவு நேரம் ஆகும்னு இருக்கும். கீழ இறங்கினா மஞ்சள் கலர் தபால் பஸ் நிக்கும். "அது சுவிஸ், பணக்கார நாடு"ன்னு ஆரம்பிக்காதீங்க. தகரத்துல மஞ்சள் பெயிண்ட் அடிக்க என்ன பணம் வேணும்?

அவ்வளவு தூரம் வேண்டாம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு. கேரளா. மெயின் ரோட்டுலயே பாலருவி வாசல், பஸ்ல இருந்து அங்கயே இறங்கலாம். அருவிக்கு உள்ள போக வனத்துறை வண்டிதான். கார்ல வந்தவரும் பஸ்ல வந்தவரும் ஒரே வண்டியில போறாங்க. சீசன் ஞாயித்துக்கிழமை ஐந்தருவி ரோட்டுல இதைச் செஞ்சா என்ன? காரை எல்லாம் குற்றாலத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டு, பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் விட்டா, ரோடும் காலியாகும், எங்க அம்மா மாதிரி ஆளுகளும் நடப்பாங்க.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. மூணே மூணு.

ஒண்ணு, கடைசி பஸ் நேரம். கடனா 85 அடி, ராமநதி 84 அடி, கருப்பாநதி 72 அடி, குண்டாறு 36 அடி, அடவிநயினார் 132 அடி. எப்படி மனப்பாடமா சொல்றேன்னு பார்க்கீங்களா? தினமும் பேப்பர்ல போடுறாங்க. இன்னைக்கு எத்தனை அடி தண்ணி, எத்தனை கன அடி வரத்துன்னு புள்ளி வச்சு போடுறாங்க. அஞ்சு அணையோட நீர்மட்டம் தெரிஞ்ச எனக்கு, அந்த அணைப் பக்கத்து ஊர்ல இருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு தெரியாது. ஸ்டாப்புச் சுவத்துல பெயிண்ட்ல எழுதி வச்சா போதும். எழுதின நேரத்துக்கு அந்த பஸ் வரணும், அது முக்கியம்.

ரெண்டு, ரோட்டோரத்துல நடக்க ரெண்டடி இடம். குற்றாலத்துல இருந்து ஐந்தருவி வரைக்கும் ஒரு பக்கம் மட்டும். அதுல காரை நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

மூணு, பழைய பாதை. இதுதான் கஷ்டமானது, ஆனா இதுதான் முக்கியம். நம்ம கிராம வரைபடத்துலயும் 'அ' பதிவேட்டுலயும் வண்டிப்பாதை, வாய்க்கால், புறம்போக்குன்னு புல எண்ணோட இருக்கு. இப்ப நெட்லயே பார்க்கலாம், தாசில்தார் ஆபீஸ் படி ஏற வேண்டாம். புறம்போக்கு ஆக்கிரமிப்பை எடுக்க 1905லயே சட்டம் போட்டாச்சு. சட்டமும் இருக்கு, வரைபடமும் இருக்கு. கேக்கதுக்குத்தான் ஆள் இல்ல. ஆயிரப்பேரி மாதிரி ஊராட்சின்னா கிராமசபையில கேக்கலாம். 2022ல இருந்து நவம்பர் 1ஆம் தேதியும் கிராமசபை உண்டு. 1956ல அதே நவம்பர் 1ஆம் தேதிதான் செங்கோட்டை கேரளாவுக்குப் போகாம நம்ம பக்கம் வந்துச்சு. ஒரு மாநிலத்தோட எல்லையையே மாத்தி வரைஞ்ச ஊரு இது. ஒரு வாய்க்காக் கரைப் பாதையைத் திரும்ப வரைய முடியாதா?

அம்மா சொன்ன அந்தப் பாதையோட புல எண்ணை இப்பத் தேடிட்டு இருக்கேன். அது பட்டா நிலத்துல போன பாதையா, புறம்போக்கான்னு முதல்ல தெரியணும். பட்டான்னா வாயை மூடிக்கிறேன், இதே இடத்துல வந்து எழுதிருதேன். புறம்போக்குன்னா மனு எழுதப் போறேன். மனு எழுதுறதும் ஒரு எழுத்துதான? பதிவு எழுதிப் பழகின கைதான.

கடைசியா நம்ம மக்களுக்கு. அரசாங்கத்தைத் திட்டுறது ஈசி. நம்ம பங்கு என்ன? கார்ல போயி, கார்ல போனதைப் பத்தி எழுதி, கார் இல்லாம வராதீங்கன்னு முடிக்கிறோம். அதைப் படிச்சிட்டு நாலு பேர் கார்ல வாரான். அந்த நாலு கார்ல ஒண்ணு, எங்க அம்மா நடந்த ஓரத்துல நிக்குது. அடுத்த தடவை எந்த ஊரைப் பத்தி எழுதினாலும் மூணு வரி சேர்த்து எழுதுங்க: எந்த ஸ்டாப்புல இறங்கணும், எவ்வளவு நேரம் நடக்கணும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு. போட்டோ ரெண்டு குறைஞ்சாலும் பரவாயில்ல.

அந்த வரியை எழுதின நண்பருக்கு: கோவம் இல்ல தலைவா. அடுத்த சீசனுக்கு வாங்க. காரை வீட்டுலயே விட்டுட்டு ரயில்ல வாங்க. இலஞ்சியில இறங்கி நடப்போம். சாப்பாட்டுச் செலவு என்னோடது.

டிஸ்கி: "சில நாள் வரும், சில நாள் வராது"ன்னு சொன்ன டீக்கடை அண்ணாச்சிகிட்ட இந்த வருசம் மறுபடியும் போனேன். பஸ் நேரத்தை அவரே கடைச் சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வச்சிருக்கார். "எல்லாரும் என்னையவே கேக்காங்க, வாய் வலிக்கில்ல"ன்னார். ஆக, ஐந்தருவியில கால அட்டவணை வந்தாச்சு மக்களே. மழை பெஞ்சா அழிஞ்சிரும், அது மட்டும்தான் பிரச்சினை.